அடிபம்புக்குத் தொண்டைக் கட்டு

தொண்ணூற்றேழாம் வருடம் திண்டுக்கல்லில் யாருக்காவது தொண்டை கட்டினால், வெந்நீர் வைப்பதற்கு முன்னால் பஸ்ஸுக்குச் சில்லறை தேடினார்கள். செம்பட்டியில் இறங்கி, சித்தையன்கோட்டை பஸ்ஸில் ஏறி, ‘சாமி ஸ்டாப்’ என்று சொன்னால் போதும். அரசாங்கம் வைக்காத அந்த ஸ்டாப்பில் டிரைவர் பிரேக் போடுவார். அவரும் போன மாதம் அங்கே வரிசையில் நின்றவர்தான்.

வயலோரம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. வாசலில் ஓர் அடிபம்பு. உள்ளே குரலளவைச் சாமி என்கிற வேலுசாமி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் முந்நூறு பேர் கூடிவிடுவார்கள். தொண்டையை வைத்துப் பிழைக்கிற அத்தனை பேரும் இருந்தார்கள். கண்டக்டர்கள், வாத்தியார்கள், கோயில் பாடகர் குழுவினர், லாட்டரிச் சீட்டு விற்பவர்கள். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்ட இரண்டு கட்சிப் பேச்சாளர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் படித்தார்கள். கொட்டகைக்குள் யாரும் பேசக்கூடாது என்பது விதி. முந்நூறு பேர் கூடியும் சத்தம் வராத இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதையே அற்புதம் என்று சாமி அறிவித்திருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஆனால் அவர் அறிவித்த அற்புதம் வேறு. தொண்டைக்குள் கை விடாமல், கத்தி வைக்காமல், குரல்நாண் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளந்து சொன்னார்.

அளக்கிற விதம் இதுதான். சிவப்புத் துணி மூடிய மூன்று பானைகள். அவற்றில் மூலிகைத் தண்ணீர், முதல் தடவைக்கு முதல் பானை, அடுத்த தடவைக்கு அடுத்த பானை. நான்கு இழை சேர்த்து முறுக்கிய வெள்ளைப் பருத்தி நூலை அதில் முக்கி, மாலை போல உங்கள் கழுத்தில் போடுவார். இரண்டு முனையிலும் மஞ்சள் துண்டு கட்டித் தொங்கவிடுவார். ஒரு மணி நேரம் வெயிலில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு தொங்குகிற முனையில் ஒரு சாண் வெட்டி, பலகை விளிம்பில் நீட்டி வைப்பார். நூல் வளையாமல் கம்பி மாதிரி நின்றால் உங்கள் குரல்நாண் விறைத்துப் போயிருக்கிறது. துவண்டு தொங்கினால் சுகம். முதல் தடவை வந்தவர் எவருக்கும் துவண்டதில்லை. மாதம் ஒரு தடவை என்று மூன்று தடவை வர வேண்டும். அதுவரை வேறு வைத்தியன் கை பட்டால் அளவு கெட்டுவிடும். சாமி காசைக் கையால் தொடமாட்டார். அதற்குத்தான் உண்டியல் இருந்தது.

இந்தக் கூட்டத்தில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். முன்வரிசையில் இருந்தேன்.

என் பெயர் ஆண்டனிராஜ். எம்.எஸ்ஸி., பி.எட். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவன். சாயங்காலமானால் மூடநம்பிக்கை ஒழிப்பு மன்றத்தின் செயலாளர். மன்றத்துக்கு மொத்தம் ஒன்பது உறுப்பினர்கள், அதில் எட்டுப் பேர் செயற்குழு. நாக்கில் கற்பூரம் ஏற்றிக் காட்டுவேன். எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வரவைப்பேன். ஊர் ஊராகப் போய் ஓட்டை மைக்கில் இரண்டரை மணி நேரம் “சிந்தியுங்கள்” என்று கத்துவேன். கத்திக் கத்தி ஒருநாள் குரல் போனது. வகுப்பில் நான் நியூட்டன் விதியைச் சொன்னால் கடைசி பெஞ்சுக்கு வெறும் காற்றுதான் போய்ச் சேர்ந்தது. பையன்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

மந்திரித்து ஊதுகிறேன் என்று சாமி சொல்லியிருந்தால் அன்றைக்கே அவரைப் பற்றி நோட்டீஸ் அடித்திருப்பேன். அவர் அளக்கிறேன் என்று சொன்னார். அங்கேதான் விழுந்தேன். மந்திரம் என்றால் மூடநம்பிக்கை, அளவு என்றால் அறிவியல் என்று என் மண்டையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. போதாததற்கு அந்த வருடம் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை படித்திருந்தேன். வெளிநாட்டில் இறந்தவர்களின் குரல்வளையிலிருந்து குரல்நாண் தசையை எடுத்து, இழுத்து, அது எவ்வளவு விறைப்பு என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். விறைப்பு மாறினால் குரலும் மாறுமாம். மீதிப் பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அரைக் கட்டுரையோடு கிளம்பிவிட்டேன்.

என் மனைவி ஆனந்தமேரி வாசலில் வைத்துப் பிடித்தாள்.

“எங்க கெளம்பிட்டீக?”

“மன்றத்துக் கூட்டம்” என்று காற்றடித்தேன்.

“கழுத்துல என்ன துண்டு? சித்தையன்கோட்டைக்குத்தான? நான் கோயில் தீர்த்தம் குடிச்சா மூடநம்பிக்கை. அந்தாளு பானைத் தண்ணிய நீங்க கழுத்துல ஊத்திக்கிட்டா சயின்சா?”

“அது அளவு. ஒனக்குப் புரியாது.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனால் சொன்னேன், அதனால் எழுதுகிறேன்.

சாமியிடம் அதுவரை எண் கிடையாது. “விறைச்சிருக்கு”, “கொஞ்சம் தேவலாம்”, “எளகிருச்சு” அவ்வளவுதான். எண்ணைக் கொடுத்த புண்ணியவான் நான். சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து, நூலின் நுனி எத்தனை மில்லிமீட்டர் தொங்குகிறது என்று பார்த்தேன். அதை நூறிலிருந்து கழித்தேன். அதற்கு ‘விறைப்பு எண்’ என்று பெயர் வைத்தேன். எனக்கு முதல் மாதம் தொண்ணூற்று நான்கு. இரண்டாவது மாதம் அறுபத்தொன்று. மூன்றாவது மாதம் எட்டு. கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. இருபத்தொரு வருட சர்வீசில் அவ்வளவு அழகான கோட்டை நான் போட்டதில்லை.

எட்டு வந்த அன்று வாயைத் திறந்து “நன்றி” என்றேன். காற்றுதான் வந்தது.

“எண்ணு எறங்கிருச்சுல்ல வாத்தியாரே, சத்தம் பின்னாடியே வரும்” என்றார் சாமி. “பஸ்ஸு முன்னாடி போகும். புழுதி அப்புறந்தான வரும்?”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. என் தொண்டை சொன்னதை நம்பவில்லை, என் கிராஃப் சொன்னதை நம்பினேன்.

சாமி அந்தத் தாளில் பட்டம், பதவியோடு என்னிடம் கையெழுத்து வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலில் மாட்டிவிட்டார். அதற்கு மேலே பல்பு எரிந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கொட்டகையில் மேஜை, நாற்காலி, கரும்பலகை. வெட்டிய நூலை அளந்து எண்ணை எழுதுகிற கௌரவ வேலை. முந்நூறு பேர் ஐந்நூறு ஆனார்கள். என்னை எல்லோரும் கும்பிட்டார்கள். மன்றத்தில் மற்ற எட்டுப் பேரும் சேர்ந்தாற்போல் என்னைக் கும்பிட்டதில்லை.

இப்போது சிரிப்பை நிறுத்துகிறேன். பொன்னழகு வருகிறார்.

பொன்னழகு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் கூவுகிறவர். இந்தக் கோடியில் அவர் விலை சொன்னால் அந்தக் கோடியில் வேனில் ஏற்றுகிறவனுக்குக் கேட்கும். அந்தக் குரல் கரகரத்து, தேய்ந்து, நின்றுபோனது. திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே வெள்ளையாக ஏதோ இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் மதுரைக்குப் போய்ச் சதையைக் கிள்ளிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மனிதர் பயந்து போய்ச் சாமியிடம் வந்தார். வாசலில் என் கிராஃபைப் பார்த்தார். ‘எம்.எஸ்ஸி.’ என்பதைப் படித்தார். மதுரை பஸ்ஸை மறந்தார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் மேஜைக்கு அவர் ஒரு சாண் நூல், அவ்வளவுதான். முதல் மாதம் தொண்ணூற்று மூன்று என்று எழுதினேன், இரண்டாவது மாதம் அறுபது என்று எழுதினேன்.

மூன்றாவது முறை அவரோடு அவர் மனைவி வீரலட்சுமியும் வந்தார். நேராக என் மேஜைக்கு வந்து, விதியை மதிக்காமல், வாயைத் திறந்து பேசினார்.

“சார், அந்தப் படத்துல கையெழுத்துப் போட்டிருக்கது நீங்கதானா?”

ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன். கும்பிடப் போகிறார் என்று நினைத்து நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நூல் துண்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“மோந்து பாருங்க.”

“மூலிகை” என்றேன்.

“எனக்குப் பொறந்த ஊரு சின்னாளபட்டி. தறிக்குப் போற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் போட்டு வளந்த கை இது. மொத மாசம் இவுக இங்கருந்து கொண்டாந்து தலகாணிக்குக் கீழ வச்சிருந்த நூலு கெட்டிக் கஞ்சி. போன மாசம் வச்சது தண்ணிக் கஞ்சி. தொட்டுப் பாத்தே சொல்லுவேன். கஞ்சில முக்கி வெயில்ல காயவச்சா நூலு விறைக்காம என்ன சார் செய்யும்?”

கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலமாகும். அது ஆறாம் வகுப்புப் பாடம். என் பள்ளி அலமாரியில் அயோடின் பாட்டில் பாட்டிலாக இருக்கிறது. இத்தனை மாதமாக ஒரு சொட்டு விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“டாக்டரு ரெண்டு வாரம்னு சொன்னாரு சார். இன்னைக்கோட பத்து வாரம். எந்திரிங்க மதுரைக்கிப் போவோம்னா, ‘எம்மெஸ்ஸி படிச்சவரே எறங்குதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு, நீ அஞ்சாங்கிளாசு, ஒனக்கென்ன தெரியும்’னு இவுக சிலேட்டுல எழுதிக் காட்டுறாக. எம்புருசன் உசுரு ஒங்க கையெழுத்துல தொங்குது. தெரியுமா ஒங்களுக்கு?”

பக்கத்தில் பொன்னழகு தொண்டையில் துண்டை அழுத்திக்கொண்டு, என்னையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சத்தம் கேட்டுச் சாமி வந்தார்.

“என்ன தாயி, இங்க பேசக் கூடாதுல்ல?”

“ஒண்ணுமில்ல சாமி. வாசல்ல இருக்க அடிபம்பு ரெண்டு நாளா கரகரங்குது. அதுக்கும் ஒரு நூலு கட்டிப் பாருங்க.”

கூட்டத்தில் சிலர் விதியை மீறிச் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார். அங்கேதான் அவர் தவறு செய்தார்.

“உசுரில்லாததுக்கு நூலு விறைக்காது தாயி. கொரல்நாணு இருந்தாத்தான் விறைக்கும்.”

“விறைக்கலைன்னா ஒங்க காலுல விழுந்து கும்புடுறேன். கட்டுங்க.”

ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி ஒரு நூலை எடுத்துக்கொண்டு கடைசிப் பானையிடம் நடந்தார்.

“அந்தப் பானை வேணாம் சாமி. பம்பு இன்னைக்குத்தான மொத தடவ வருது? மொதப் பானைலயே முக்குங்க.”

முக்கினார். அடிபம்பின் கழுத்தில் நூல் ஏறியது. இரண்டு முனையிலும் மஞ்சள் துண்டு தொங்கியது. தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வந்த ஒருவரைக் கூட்டமே தடுத்தது. “செத்த நேரம் பொறுப்பா, பம்புக்கு வைத்தியம் நடக்குது, அதுவும் பேசக் கூடாது” என்றார் ஒரு கண்டக்டர். ஒரு மணி நேரம் ஐந்நூறு பேரும் ஓர் அடிபம்பைச் சுற்றி நின்றோம். அந்த வழியாகப் போன பஸ்ஸில் இருந்த சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாமி முனையை வெட்டிக் கொண்டுவந்து பலகையில் வைக்கும்போது என் காதருகே குனிந்தார்.

“வாத்தியாரே, பத்துன்னு எழுதிருங்க. எம்மானமும் ஒங்க மானமும் ஒரே சட்டத்துக்குள்ளதான் இருக்கு.”

அது உண்மை. பத்து என்று எழுதுவது சுலபம். தள்ளி நிற்கிற கூட்டத்துக்கு நூல் தெரியாது, நான் எழுதுகிற எண்தான் தெரியும். எழுதினால் திங்கட்கிழமையும் நான் எம்.எஸ்ஸி.தான். எழுதாவிட்டால் திண்டுக்கல் முழுக்கச் சிரிப்பார்கள், முதலில் ஆனந்தமேரி சிரிப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், சாக்பீஸைக் கையில் எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் யோசித்தேன். பொன்னழகு அந்தத் துண்டை இன்னும் அழுத்திப் பிடித்திருந்தார்.

நூல் கம்பி மாதிரி நின்றது. அளந்தேன். கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: அடிபம்பு, 95.

எங்கள் எவரையும் விட அதற்கு நோய் முற்றியிருந்தது.

வீரலட்சுமி அந்த நூலை எடுத்து நுனியை வாயில் வைத்துப் பார்த்தார். “பச்சரிசிக் கஞ்சி. உப்புத்தான் பத்தல” என்று கூட்டத்துக்குச் சொன்னார். பிறகு அதே நூலை அடிபம்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, பலகையில் வைத்தார். துவண்டு தொங்கியது. “பம்புக்கு மூணு மாசத்து வைத்தியம் முடிஞ்சிருச்சு” என்றார்.

பேசக்கூடாது என்ற விதி அத்தோடு ஒழிந்தது. ஐந்நூறு கட்டிய தொண்டைகள் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பெரிதாக ஒன்றும் கேட்காது. கட்சிப் பேச்சாளர்கள் இருவரும் முதல்முறையாக ஒரே கோரிக்கையை வைத்தார்கள். உண்டியலைத் திறக்கச் சொன்னார்கள். சாமி பின்பக்க வயல் வழியாக ஓடியதை நான் பார்த்தேன். பிடிக்கச் சொல்லிக் கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை.

சின்னாளபட்டியிலிருந்து வந்திருந்த ஒரு நெசவாளர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். “மொத நாளே கஞ்சி வாடைன்னு நெனச்சேன் சார். ஆனா ஒங்க படம் மாட்டியிருந்துச்சா, சரி, படிச்ச கஞ்சி போலன்னு இருந்துட்டேன்.” இன்னொருவர் வயல் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார். சாமியை அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். “சாமீ, எனக்கு ரெண்டு தடவ முடிஞ்சுபோச்சு, மூணாவத மட்டும் கட்டிட்டுப் போங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்.

நான் பொன்னழகின் முன்னால் போய் நின்றேன். அவருடைய சிலேட்டை வாங்கி, ‘நான் எழுதியது எல்லாம் கஞ்சி. உடனே மதுரைக்குப் போங்கள். நானும் வருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு சிலேட்டைத் துடைத்து, ‘இதையாவது நம்பலாமா?’ என்று எழுதிக் காட்டினார்.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் இருவர் தொண்டையையும் சின்ன டி.வி.யில் காட்டினார். உள்ளே நூலும் இல்லை, கயிறும் இல்லை. ஈரமான இரண்டு சதை மடிப்புகள் இருந்தன. “இதோட விறைப்ப உயிரோட இருக்கற ஆளுக்கு நேரா அளக்க எங்ககிட்டயே கருவி கிடையாது சார். நீங்க எத வச்சு அளந்தீங்க?” என்று டாக்டர் கேட்டார். வீரலட்சுமி என்னைப் பார்த்தார். எனக்குக் குரல் இல்லாதது அன்று ஒரு நாள் வசதியாக இருந்தது.

என்னுடையது கத்திக் கத்தி வந்த வெறும் காய்ப்பு. ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார். ஆனந்தமேரி அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பொன்னழகுக்கு ரிசல்ட் வரப் பத்து நாளானது. கெட்ட கட்டிதான். ஆனால் இன்னும் பரவவில்லை. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஏழு வாரம் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்டு, வைத்தார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த மல்லிகை சீசனில் நிலக்கோட்டைக்குப் போனேன். பொன்னழகு ஏலத்தில் நின்றுகொண்டிருந்தார். பழைய குரலில் பாதிகூட இல்லை, கிழிந்த குரல். அவர் விலை சொல்லும்போது மட்டும் மார்க்கெட்டே பேச்சை நிறுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டது. எனக்குக் கண் கலங்கியது. கீழே விழுந்த பூவைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வீரலட்சுமி ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே என் கிராஃப், கண்ணாடிச் சட்டத்தோடு.

“அன்னைக்கே கழட்டிட்டு வந்துட்டேன் சார். அடுப்புல போடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம், இது ஒங்களுக்குத்தான் வேணும்னு தோணுச்சு.”

அது இப்போது என் பௌதிக ஆய்வுக்கூடத்தில் தொங்குகிறது. 94, 61, 8 என்ற மூன்று புள்ளிகளுக்கு மேலே சிவப்பு மையில் நான்காவதாக ஒன்று வைத்திருக்கிறேன், 95. அது யாருடையது என்று ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் கேட்பார்கள். இந்தக் கதையைச் சொல்வேன். சாமி இப்போது வேறு ஜில்லாவில் முழங்காலுக்கு நூல் கட்டுகிறாராம். அங்கேயும் ஒரு வாத்தியார் கிடைத்திருப்பார்.

அதனால் சொல்கிறேன். யாராவது எதையாவது அளந்து ஓர் எண்ணைச் சொன்னால் உடனே கும்பிட்டுவிடாதீர்கள். அதே நூலை முதலில் ஓர் அடிபம்புக்குக் கட்டிப் பாருங்கள். பக்கத்தில் அடிபம்பு இல்லையென்றால், சொந்த மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வந்த ஓர் எம்.எஸ்ஸி. வாத்தியாருக்குக் கட்டிப் பாருங்கள். அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரே ஒரு எண்தான்.